கூடையில் ஏதோ இருக்கிறதா, தராசில் கோளாறா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடிந்து கூடைகள் கை மாறும்போது ஒரு சின்னச் சண்டை அடிக்கடி காதில் விழும். கண்ணுக்குத் தெரியும் மீன் கொஞ்சம், தராசு காட்டும் எடை அதிகம். "அடியில ஐஸ் கெடக்குதுக்கா, அதான் இவ்ளோ காட்டுது" என்பார் வாங்க வந்தவர். "ஐஸெல்லாம் கரைஞ்சு எவ்ளோ நேரமாச்சு தம்பி! ஒந்தராச மொதல்ல சரி பாரு" என்று அந்த அக்கா திருப்பிக் கொடுப்பார். கூடையைக் கவிழ்த்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

வானியலில் இதே சண்டை 90 ஆண்டுகளாக ஓடுகிறது. அங்கே கூடையைக் கவிழ்க்க முடியாது.

1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் கோமா என்ற கேலக்ஸிக் கொத்தைப் பார்த்தார். நம் பால்வீதி ஒரு கேலக்ஸி என்றால், அப்படிப் பல நூறு கேலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு கூட்டமாகச் சுற்றும் இடம்தான் கொத்து. கோமாவில் அவை ஓடிய வேகத்துக்குக் கொத்து என்றைக்கோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. பிடித்து வைத்திருக்கும் எடை, தெரியும் ஒளியை வைத்துப் போட்ட எடையைவிட 400 மடங்கு என்று அவருக்குக் கணக்கு வந்தது. அன்றைய தூர அளவுகளே தப்பு என்பதால் அந்த எண் மிகை. தவிர, கொத்துகளுக்குள் எக்ஸ்-கதிர் வீசும் சூடான வாயு ஏராளமாக இருப்பதும் அவருக்குத் தெரியாது. 1970-இல் உஹுரு செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகுதான் அது நன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் திருத்திப் போட்டாலும் எடை உதைக்கிறது. இன்றைய கணக்கில் ஒரு பெரிய கொத்தின் எடையில் நட்சத்திரங்கள் நூற்றில் ஓரிரு பங்கு, வாயு நூற்றில் 12 முதல் 15 வரை. மீதி என்னவென்று தெரியாது. அந்த மீதிக்குத்தான் கரும்பொருள் என்று பெயர். கறுப்பாக இருக்கும் என்று பொருளில்லை, ஒளியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதது, அவ்வளவுதான்.

1970-களில் வேரா ரூபின் தனித்தனிக் கேலக்ஸிகளிலும் இதே குழப்பத்தைக் காட்டினார். கேலக்ஸியின் விளிம்பில் நட்சத்திரங்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவை போலவே வேகமாகச் சுற்றின. பெரும்பாலோர் "கூடையில் ஏதோ இருக்கிறது" என்றார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த மோர்டஹாய் மில்க்ரோம் மட்டும் 1983-இல் "தராசைப் பாருங்கள்" என்றார். ஈர்ப்பின் முடுக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் நியூட்டனின் விதியே மாறிவிடுகிறது என்பது அவர் யோசனை. அந்த எல்லை நம் கால்மிதிக்கும் பூமியின் ஈர்ப்பைவிடச் சுமார் 8,000 கோடி மடங்கு சிறியது. இந்தக் கொள்கைக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து மாண்ட் என்று பெயர். தமிழில் எழுதினால் ஏற்கெனவே செத்துவிட்டது போல ஒலிக்கிறது, ஆனால் 40 ஆண்டு தாண்டியும் அது சாகவில்லை. கேலக்ஸி சுழலும் வேகத்தை, தெரியும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அது சொல்லிவிடுகிறது. கரும்பொருள் கட்சிக்காரர்களுக்கே அதில் உள்ளூர ஒரு பொறாமை உண்டு.

கணக்கு சரியாக வருவதும் காரணம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறியவர் லெ ஜான்டீ. அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தபடி வெள்ளியைப் பார்த்ததில் அளவு எதுவும் தேறவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டைக்குள் கண்காணிப்பகம் கட்டினார். 1769 ஜூனில் அந்தக் காலைப்பொழுது மேகம் மறைத்துவிட்டது. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. இங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் பெரிதாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி அதிகமாகச் சொன்னது. அப்புறம் 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டே கிரகணம் கணித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கில் ராகு ஒரு கிரகம், கண்ணுக்குத் தெரியாத சாயாகிரகம். உண்மையில் அங்கே பாம்பும் இல்லை கிரகமும் இல்லை, நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. கிரகணம் மட்டும் ஏறக்குறையச் சரியாக வந்தது. மாண்ட்டைப் பற்றி யோசிக்கும்போதும் கரும்பொருளைப் பற்றி யோசிக்கும்போதும் எனக்கு இந்த ராகு நினைவுக்கு வருவார். யார் பக்கம் ராகு என்பதுதான் கேள்வி.

எவ்வளவு எடை என்று மட்டும் கேட்டால் இரண்டு கட்சியும் தப்பித்துக்கொள்ளும். ஒருவர் இன்னும் கொஞ்சம் கரும்பொருளைக் கொட்டிக்கொள்வார், இன்னொருவர் சூத்திரத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வார். அந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். இடத்தைக் காட்டிக் கொடுப்பது கேலக்ஸிக் கொத்துகள், காட்டும் வழி ஈர்ப்பு வில்லை, அதாவது எடையே ஒரு லென்ஸ் போல ஒளியை வளைப்பது.

எடையுள்ள பொருளுக்குப் பக்கத்தில் போகும் ஒளி வளையும். சூரியனின் விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 வில்நொடி வளையும் என்றார் ஐன்ஸ்டைன் (ஒரு பாகையை 3,600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்நொடி). நியூட்டன் வழியில் போட்டால் அதில் பாதிதான் வரும். 1919 மே 29 கிரகணத்தன்று ஆங்கில வானியலாளர் எடிங்டனின் குழுக்கள் அளந்தபோது ஐன்ஸ்டைன் சொன்ன பக்கமே விடை சாய்ந்தது. இந்தப் 'பாதி' விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வில்லையின் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். காம்பு வைத்த ஒயின் கோப்பை ஒன்று வேண்டும். புதுச்சேரியில் அதற்கு அலைய வேண்டியதில்லை. இரவில் கடற்கரைச் சாலைக்குப் போய், தூரத்தில் ஒரே ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து, கோப்பையின் அடிப்பாகத்து வட்டத் தட்டின் வழியாகப் பாருங்கள். விளக்கும் காம்பும் கண்ணும் நேர்கோட்டில் வந்தால் விளக்கு ஒரு வளையமாகிவிடும். கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தினால் வளையம் உடைந்து இரண்டு வளைந்த கீற்றுகளாகும். இன்னும் நகர்த்தினால் ஒரு கீற்று சுருங்கிக் காணாமல் போகும். கண்ணாடியின் தடிமன் மையத்திலிருந்து விளிம்புக்குக் குறையும் விதம், எடை ஒளியை வளைக்கும் விதத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போவதால் வரும் வித்தை இது. காந்தி சிலைப் பக்கம் நின்று இதைச் செய்தபோது ரோந்து வந்த காவலர் ஒருவர் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளக்கைப் பார்த்தார்.

கேலக்ஸிக் கொத்துகள் இதே போல வேலை செய்யும் என்று ஸ்விக்கி 1937-லேயே எழுதிவிட்டார். கண்ணால் பார்க்க ஐம்பது ஆண்டு ஆனது. ஏபெல் 370 என்ற கொத்தில் ஒரு பெரிய நீல வில் தெரிந்தது. அது என்னவென்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரான்ஸின் துலூஸ் நகரத்துக் குழு 1988-இல் அந்த வில்லின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது கொத்தில் உள்ளதே அல்ல, அதற்கும் வெகு தூரம் பின்னால் இருக்கும் ஒரு கேலக்ஸியின் இழுபட்ட உருவம் என்று உறுதி செய்தது. வில்லின் ஆரத்தை அளந்தால், அதற்குள் அடங்கிய மொத்த எடை கிடைத்துவிடும். அது ஒளிர்கிறதா, சூடாக இருக்கிறதா, அசைகிறதா என்று எதையும் கேட்க வேண்டாம்.

இப்படிப் பளிச்சென்ற வில் கொத்தின் மையத்தில் மட்டுமே கிடைக்கும். வெளியே போகப் போக வளைவு மிக மெல்லியது. அங்கே இன்னொரு உத்தி. கடலூர்க்காரர்களுக்கு அதை விளக்க 2011 டிசம்பர் 30 போதும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய நாள். ஒரு தென்னை சாய்ந்திருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சில மரங்கள் பிறவியிலேயே சாய்ந்தவை. ஆனால் தோப்பு தோப்பாகப் பார்த்துச் சராசரி எடுத்தால் காற்று எப்படிச் சுழன்றது, மையம் எந்தப் பக்கம் கடந்தது என்று சொல்லிவிடலாம். பின்னணிக் கேலக்ஸிகளும் அப்படித்தான். தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் இயல்பாகவே ஏதோ ஒரு பக்கம் நீண்டிருக்கும். ஆயிரக்கணக்கில் சராசரி எடுத்தால், கொத்தின் எடை மையத்தைச் சுற்றி அவை வட்டம் கட்டினாற்போல் மெல்லச் சாய்ந்திருப்பது தெரியும். 1990-இல் டைசனும் சக ஆய்வாளர்களும் இதை முதலில் கொத்துகளில் அளந்து காட்டினார்கள். இந்தச் சாய்வை வைத்து எடையின் வரைபடமே போடலாம். தெரியாத பொருளுக்கு வரைபடம்!

சரி, இனி நமக்கு வேண்டியது ஒரு விபத்து.

பிப்ரவரி இரவு எட்டு எட்டரைக்குக் கடற்கரையில் தெற்குப் பார்த்து நின்றால், அடிவானத்துக்கு மேலே பளீரென்று ஒரு நட்சத்திரம் நிற்கும். அகத்தியர். அவருக்கு இடப்பக்கம் சற்றுக் கீழே, கையை நீட்டி மூன்று நான்கு விரல் அகலத் தூரத்தில், வெறும் இருட்டாகத் தெரியும் இடத்தில் ஏறக்குறைய 380 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் புல்லட் கொத்து இருக்கிறது. உண்மையில் அது இரண்டு கொத்துகள். சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன்பு ஒன்றை ஒன்று துளைத்துக்கொண்டு வெளியே வந்தவை.

மோதலில் என்ன நடக்கும்? மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும் தெருவில் எதிரெதிரே இரண்டு ஊர்வலம் வந்தால் நடப்பதுதான். ஆட்கள் நடுவில் முட்டி நெரிந்து நிற்பார்கள். இரண்டு மேளங்களின் சத்தம் மட்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். கொத்துகள் மோதும்போது நெரிந்து நிற்பது வாயு. அதன் அணுக்கள் முட்டி மோதிச் சூடேறி நடுவில் தங்கிவிட்டன. கேலக்ஸிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பதால் மோதாமல் தாண்டிப் போய்விட்டன. சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் நடுவில் நின்ற வாயு, துப்பாக்கிக் குண்டு காற்றைக் கிழிப்பது போன்ற ஓர் அதிர்வலையோடு தெரியும். பெயர் வந்தது அதனால்.

கொத்தில் நமக்குத் தெரிந்த பொருளில் பெரும்பங்கு வாயு, நட்சத்திரங்களைவிடப் பல மடங்கு. கரும்பொருள் என்று ஒன்றே கிடையாது, ஈர்ப்பு விதிதான் வேறு என்றால், ஈர்ப்பு வில்லையின் மையம் வாயு நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். கரும்பொருள் இருந்து, அது ஒன்றோடொன்று மோதாத வகை என்றால், மையம் கேலக்ஸிகளோடு சேர்ந்து தாண்டிப் போயிருக்க வேண்டும். 2006-இல் டக்ளஸ் க்ளோவும் சக ஆய்வாளர்களும் வரைபடம் போட்டார்கள். எடை கேலக்ஸிகளோடு போயிருந்தது. நடுவில் அத்தனை வாயு இருந்தும் வில்லை அங்கே இல்லை. இந்த இடமாற்றம் தற்செயலாக வந்திருக்கலாம் என்று சொல்ல வழியில்லாத அளவுக்குத் தெளிவு, 8 சிக்மா. கரும்பொருள் இருப்பதற்கு 'நேரடி நிரூபணம்' என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

அந்தத் தலைப்பு என் பார்வையில் கொஞ்சம் அதிகம். படம் நிரூபிப்பது ஒன்றை: எடையின் பெரும்பகுதி, நமக்குத் தெரிந்த பொருளின் பெரும்பகுதி இருக்கும் இடத்தில் இல்லை. தெரியாத ஏதோ ஒன்று அங்கே போயிருக்கிறது. அது இதுவரை யாரும் காணாத புதுத் துகளாகத்தான் இருக்க வேண்டும் என்று படம் சொல்லவில்லை. மாண்ட் ஆட்கள் பிடித்துக்கொண்டது இந்த இடுக்கைத்தான். கொத்துகளில் தங்கள் விதி முழுசாக வேலை செய்யவில்லை என்பதை அவர்களே முன்னமே ஒப்புக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது. கொத்தின் நடுவே ஈர்ப்பு மில்க்ரோமின் எல்லையை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கிறது, அங்கே விதி மாறுவதற்கே அதிகம் வேலையில்லை. அப்படியும் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைகிறது. அந்தக் குறையை நியூட்ரினோக்கள் நிரப்பலாம் என்றார்கள். நியூட்ரினோ இருப்பது உறுதியான துகள், கண்ணுக்குப் படாது, மோதாது. ஒவ்வொன்றும் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களை நிறுக்கும் அலகு) எடை இருந்தால் போதும், புல்லட் கொத்தும் சரியாகிவிடும்.

நல்ல யோசனை. சோதிக்க முடிந்த யோசனை என்பதால் இன்னும் நல்லது. சோதித்தார்கள். ஜெர்மனியின் கத்ரின் சோதனை நியூட்ரினோவின் எடை 0.8-க்குக் கீழே என்று 2022-இல் சொன்னது, 2025-இல் 0.45-க்குக் கீழே என்று இறக்கியது. அந்த வழி அடைபட்டுவிட்டது. மற்ற துகள்களோடு சேராத மலட்டு நியூட்ரினோ என்று இன்னொன்று இருக்கலாம் என்பது அடுத்த பேச்சு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத, யாரும் பிடிக்காத ஒரு துகளைச் சேர்த்துக்கொண்ட பிறகு, தராசுக் கட்சிக்கும் கூடைக் கட்சிக்கும் எவ்வளவு தூரம்?

புல்லட் கொத்து கரும்பொருள்காரர்களையும் ஒரு கட்டத்தில் வியர்க்க வைத்தது. அதிர்வலையின் வேகம் நொடிக்கு 4,700 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. கரும்பொருள் நிரம்பிய பிரபஞ்சத்தில் கொத்துகள் அவ்வளவு வேகமாக மோதிக்கொள்வது அபூர்வம், ஆகவே மாண்ட்தான் பொருத்தம் என்று சிலர் திருப்பிப் போட்டார்கள். 2007-இல் ஸ்பிரிங்கெலும் ஃபாரரும் கணினியில் மோதலை ஓட்டிப் பார்த்தார்கள். அலையின் வேகம் வேறு, கொத்தின் வேகம் வேறு. கொத்து வந்தது நொடிக்கு 2,700 கிலோமீட்டர் அளவில்தான். படகு போகும் வேகமும் அது எழுப்பும் அலையின் வேகமும் ஒன்றல்ல என்பது துறைமுகத்தில் நிற்கும் பையனுக்குக்கூடத் தெரியும், ஆனால் வானத்தில் அதைப் பிரித்துப் பார்க்க ஒரு கணினி வேண்டியிருந்தது.

ஈர்ப்பை மாற்றும் கொள்கை மாண்ட் ஒன்றுதானா? இல்லை, ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. சிலர் கரும்பொருளை ஏற்றுக்கொண்டே, பிரபஞ்சம் விரைந்து விரிவதை விளக்குவதற்காக ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் கை வைக்கிறார்கள். அதில் எஃப்-ஆர் என்ற வகை பிரபலம். இங்கே ஒரு கூடுதல் விசை உண்டு, சாதாரண ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை. ஆனால் அடர்த்தியான இடத்தில் அது ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பூமியிலும் சூரிய மண்டலத்திலும் சிக்கவில்லை என்கிறார்கள். இந்தக் குணத்துக்குப் பச்சோந்தி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பச்சோந்தியை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் அந்தப் 'பாதி' வருகிறது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பில் இரண்டு அம்சம்: காலம் மெதுவாவது, வெளி வளைவது. நொடிக்குச் சில நூறு, சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வாயுவும் கேலக்ஸியும் முதலாவதை மட்டுமே உணரும். ஒளி இரண்டையும் பாதிப்பாதி உணரும். 1.75-க்கும் அதன் பாதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆகவே ஒரே கொத்தை நிறுக்க இயற்கை நமக்கு இரண்டு தராசு தந்திருக்கிறது. வாயுத் தராசு: வாயு எவ்வளவு சூடு, எவ்வளவு அடர்த்தி என்று எக்ஸ்-கதிரில் அளந்து, அதை அழுத்திப் பிடிக்க எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்கிடுவது. ஒளித் தராசு: வில்லை. ஐன்ஸ்டைன் சரி என்றால் இரண்டும் ஒத்துப்போகும். எஃப்-ஆர் சரி என்றால், கொத்தின் ஓரங்களில், பச்சோந்தி ஒளிய இடமில்லாத மெல்லிய பகுதியில், வாயுத் தராசு அதிகம் காட்டும். ஒளியை அந்தக் கூடுதல் விசை தொடுவதில்லை.

2014-இல் கோமா கொத்திலும், 2015-இல் 58 கொத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியும் இதைப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. பச்சோந்தி இருந்தால் அது மிகப் பலவீனமானது என்று எல்லை கட்டினார்கள்.

ஆனால் தராசு என்றால் அதற்கும் ஒரு நோய் இருக்கும். வாயு அமைதியாக நிற்கிறது என்று வைத்துத்தான் வாயுத் தராசு எடை சொல்கிறது. உள்ளே கொந்தளிப்பு இருந்தால் அந்தக் கொந்தளிப்பும் வாயுவைத் தாங்கிப் பிடிக்கும், எடை குறைவாகத் தெரியும். கூடுதல் விசை எடையைக் கூட்டிக் காட்டும், கொந்தளிப்பு குறைத்துக் காட்டும். ஒன்று மற்றொன்றை மறைத்துவிட்டால் நமக்கு எதுவுமே தெரியாது. ஆகவே ஈர்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாயு எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஜப்பான் 2016 பிப்ரவரியில் ஏவிய ஹிட்டோமி என்ற எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் அதைச் செய்தது. பெர்சியஸ் கொத்தின் நடுவே வாயு நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் வேகத்தில்தான் கலங்குகிறது என்று அளந்தது. கொத்தின் கணக்கில் அது குளத்து நீர் மாதிரி. அளந்து முடித்த கொஞ்ச நாளில், மார்ச் 26 அன்று, செயற்கைக்கோள் கட்டுப்பாடு இழந்து சுழன்று உடைந்துவிட்டது. லெ ஜான்டீக்குப் பக்கத்தில் ஓர் இடம் அதற்கும் கொடுக்கலாம், ஆனால் இது பார்த்துவிட்டுத்தான் போனது.

மில்க்ரோமின் யோசனைக்கு ஒளி எப்படி வளையும் என்று சொல்லத் தெரியாது, அது வேகங்களுக்கான ஒரு விதி மட்டும். வில்லையைக் கணக்கிட வேண்டும் என்பதற்காகவே பெக்கன்ஸ்டைன் 2004-இல் அதற்கு முழுமையான வடிவம் கொடுத்தார். அந்த வடிவத்தை வீழ்த்தியது கொத்து அல்ல. 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலையும் காமா ஒளியும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. பெக்கன்ஸ்டைனின் வடிவத்தில் அவை இவ்வளவு ஒட்டி வரக் கூடாது. 2021-இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஷ்னிக்கும் அதைத் தாண்டிய புது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தராசுக் கட்சியைப் பற்றியே பேசிவிட்டேன். கூடைக் கட்சிக்குள்ளும் சண்டை உண்டு. கரும்பொருள் தன்னோடு தானே மோதுமா, மோதாதா? சிறிதளவு மோதினால், கொத்து மோதலில் அது கேலக்ஸிகளைவிடக் கொஞ்சம் பின்தங்க வேண்டும். 2015-இல் டேவிட் ஹார்வியும் மற்றவர்களும் 30 கொத்துகளில் 72 மோதல்களைப் பார்த்து, பின்தங்கல் இல்லை, ஒரு கிராம் கரும்பொருள் காட்டும் மோதல் முகப்பு 0.47 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே என்றார்கள். அதே ஆண்டு ஏபெல் 3827 கொத்தில் ஒரு கேலக்ஸியின் கரும்பொருள் சுமார் 5,000 ஒளியாண்டு பின்தங்கியிருப்பதாக இன்னொரு முடிவு வந்தது. கரும்பொருள் முதன்முதலாக ஈர்ப்பைத் தவிர வேறு ஏதோ செய்துவிட்டது என்று பரபரப்பு. 2018-இல் அதே குழுவினர் சிலியின் ஆல்மா தொலைநோக்கியில் வில்லைப் படங்களைத் திரும்ப அடையாளம் பார்த்தபோது பின்தங்கல் காணாமல் போனது. எந்தக் கீற்று எந்தக் கேலக்ஸியின் உருவம் என்று முதலில் மாற்றி எடுத்திருந்தார்கள். தாங்கள் கண்டுபிடித்ததைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஹார்வியின் 0.47-உம் நிலைக்கவில்லை, 2018-இல் விட்மனும் மற்றவர்களும் அதே மோதல்களை மறுபடி ஆராய்ந்து எல்லையை 2-க்குப் பக்கம் தளர்த்தினார்கள்.

இத்தனை திருத்தங்களைப் பார்த்தால், வில்லை வரைபடத்தையே நம்பலாமா என்று தோன்றும். எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு வெடிப்பினால். 2014 நவம்பரில், மேக்ஸ் ஜே1149 என்ற கொத்துக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் வெடித்தது ஒரே நேரத்தில் நான்கு உருவமாகத் தெரிந்தது. கொத்தின் எடை வரைபடம் சரி என்றால், வேறு பாதையில் நீண்டு சுற்றி வரும் ஒளி பிறகு வேறோர் இடத்தில் இன்னொரு உருவம் காட்ட வேண்டும். பல குழுக்கள் முன்கூட்டியே இடமும் காலமும் எழுதிப் பதிப்பித்தன. 2015 டிசம்பரில் அந்த இடத்தில் வெடிப்பு மறுபடி தெரிந்தது. சோழி அடுக்கிய பஞ்சாங்கக்காரருக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கும். இங்கே கணக்குப் போட்டவர்கள் வைத்த சோழிகளில் முக்கால்வாசிக்கு மேல் கரும்பொருள். அதை எடுத்துவிட்டால் உருவம் அந்த இடத்தில் வராது.

ஆனாலும் கூடைக் கட்சிக்குத் தூக்கம் கெட ஒரு விஷயம் இருக்கிறது. 2020-இல் மாசிமோ மெனகெட்டியும், கோயம்புத்தூரில் பிறந்த யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜனும், மற்றவர்களும் 11 கொத்துகளை நுணுக்கமாகப் பார்த்தார்கள். கொத்துக்குள் இருக்கும் தனித்தனிக் கேலக்ஸிகளைச் சுற்றியுள்ள கரும்பொருள் கட்டிகள், கணினி மாதிரிகள் சொல்வதைவிடப் பத்து மடங்குக்கு மேல் அதிகமாகக் குட்டி வில்லைகளை உண்டாக்குகின்றன. கட்டிகள் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். மாதிரியின் நுணுக்கம் போதவில்லை என்று ஒரு தரப்பு, கரும்பொருளின் குணமே நாம் நினைத்தது இல்லையோ என்று இன்னொரு தரப்பு. மோதும் கரும்பொருள் கட்டிகளை முதலில் இளக்கும், பிறகு சில நிலைமைகளில் இறுக்கவும் செய்யும் என்பதால், 2015-இல் தள்ளி வைத்த யோசனை வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

இனி எண்ணிக்கையின் முறை. 2023 ஜூலை 1-இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி, வானத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆறு ஆண்டில் வில்லைக்காகவும் படமெடுக்கிறது. சிலியில் வேரா ரூபின் பெயரிலேயே கட்டிய கண்காணிப்பகம் 2025 ஜூனில் முதல் படங்களைக் காட்டியது. 58 கொத்து அடுக்கிய இடத்தில் இனி ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், ஒளித் தராசுக்குக் குறைவிருக்காது. வாயுத் தராசுதான் இழுபறி. ஹிட்டோமியின் இடத்தில் 2023 செப்டம்பரில் எக்ஸ்ரிஸம் மேலே போனது. அதன் முக்கியக் கருவிக்கு முன்னால் இருக்கும் மூடி விண்வெளியில் திறக்க மறுத்துவிட்டது. மூடிய மூடியின் வழியாகவே, குறைந்த ஆற்றல் கதிர்களை விட்டுவிட்டு, கொத்து கொத்தாக அது அளந்துகொண்டிருக்கிறது. பச்சோந்தி இருந்தால் மாட்டப்போவது அந்த ஓரங்களில். அங்கே வாயு மிக மெல்லியது, ஒரு கொத்துக்கே நாள்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும்.